தண்டோடு கழன்ற சங்கிலி

வடக்கு டகோட்டா
அக்டோபர் 19

அன்பு மகள் ஜனெலுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், அங்கே கப்பல் பட்டறையில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூன்று ஞாயிறாக நீ போன் செய்யும்போதெல்லாம் மழை எப்படி, சோளம் எப்படி என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன், அப்பா சமையலறை வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பண்ணை எமெட்டின் மனைவி நோரீன் சாலை விபத்தில் போய்விட்டாள் என்று மட்டும் சொன்னேன், மீதியை விழுங்கிவிட்டேன். அந்த மீதியை உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

நோரீன் மேல் மோதியது நம் டிரெய்லர்தான். செப்டம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை இருக்கும். தீவனக் குழியை மூட லோடர் வேண்டும் என்று எமெட் கேட்டிருந்தார், அப்பாவும் மண் தள்ளும் சின்ன லோடரை டிரெய்லரில் ஏற்றிப் பழைய பிக்கப் டிரக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ரயில் பாதையைத் தாண்டும் இடத்தில் ரோடு எப்படித் தூக்கிப் போடும் என்று உனக்குத் தெரியும், அங்கேதான் டிரெய்லர் கழன்றது. லோடரோடு சேர்த்து நாலு டன், தன் பாட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறது. எதிரே நோரீன் நூலகத்துப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா ஓடிப்போய்க் கார் கதவைப் பிடித்து இழுத்திருக்கிறார், திறக்கவில்லை. எமெட்டுக்குப் போன் செய்ததும் அவர்தான்.

டிரக்கின் பின்னால் சொருகும் தண்டு இருக்கிறதே, டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு நுனியில் உள்ளது, அந்தத் தண்டு உருவாமல் குறுக்கே பிடித்து வைக்கும் இரும்புப் பின்னுக்கு இருந்த கிளிப் கோடையிலேயே தொலைந்துவிட்டது. டவுனுக்குப் போகும்போது வாங்கலாம் என்று ஒரு ஆணியை வளைத்து மாட்டியிருந்தார், இந்த ஊரில் ஆணி மாட்டாத டிரக் எது, எமெட் டிரக்கிலும் ஆணிதான். அது தேய்ந்து விழுந்தது, அந்த இரும்புப் பின்னும் குலுங்கி வெளியே வந்தது, தண்டு முழுசாக உருவிக்கொண்டு போய்விட்டது. போனால் போகட்டும், அதற்குத்தானே சங்கிலி, தண்டு போனாலும் டிரெய்லரை டிரக்கோடு இழுத்துப் பிடிக்கத்தானே. அப்பா இரண்டு சங்கிலியையும் போட்டிருந்தார், முறைப்படி குறுக்காகவே போட்டிருந்தார். ஆனால் சங்கிலி மாட்டும் வளையங்கள் டிரக்கின் அடிச்சட்டத்தில் இல்லை, தண்டின் மேலேயே இருந்தன. தண்டு கிளம்பியபோது வளையமும் சங்கிலியும் அதோடு சேர்ந்து கிளம்பிவிட்டன. எந்த வளையங்கள் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். போன வருஷம் அறுவடைக்கு இரண்டு வாரம் வந்திருந்தபோது நீ வெல்டிங் வைத்த வளையங்கள்தான்.

ரோந்து அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "சங்கிலி மாட்டுனதுல குத்தம் இல்ல ஐயா, மாட்டுன இடந்தான் குத்தம், கழண்டு வர்ற சாமானத்துலயே கொண்டுபோய் மாட்டுனா அதுவும் கூடத்தானே வரும்" என்றாராம். இதை வெல்டிங் வைத்தது யார் என்று கேட்டதற்கு அப்பா கண் சிமிட்டாமல் "நாந்தான்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம், "ஜனெல் பேரு இதுல வரவே கூடாது, அவ வெல்டிங் சர்டிபிகேட் போயிரும், நீ வாயத் தொறந்தியோ நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றார். நாற்பத்தோரு வருஷத்தில் அந்த மனுஷர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் உன் அப்பா வெல்டிங் வைத்தால் கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். அவர் ஒட்டிய கலப்பையைப் பார்த்து எமெட்டே எத்தனை தடவை, "ஏன்டா ஹார்லன், இதுக்கு நீ மாவப் பிசைஞ்சு அப்பியிருக்கலாமே" என்று சிரித்திருக்கிறார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லிக் கேட்பதற்கு என்னிடம் கேட்பது மேல். நீ வைத்த வெல்டிங் விடவே இல்லை. அத்தனை மோதலுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் எல்லாரும் பன்னும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தபோது எமெட் நேராக அப்பாவிடம் வந்து, "சங்கிலி போட்டிருந்தியாடா" என்று கேட்டார். போட்டிருந்தேன் என்றார் அப்பா. எமெட் தலையை ஆட்டிவிட்டு அவர் கையைப் பிடித்தார். அந்த வாரமே ஊரெல்லாம் கூடி எமெட்டின் சோளத்தை அறுத்துக் கொடுத்தார்கள், அப்பாவும் நம் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போனார். யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை, கடைக்கோடி வரிசையைக் காட்டிவிட்டார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆள் இல்லை.

அப்புறம் போன வெள்ளிக்கிழமை, நோரீனின் சாமான்களைக் காரிலிருந்து எடுத்து வர எமெட் ஷெரீப் ஆபீசுக்குப் போயிருக்கிறார். பக்கத்திலேயே நம் டிரெய்லர், தண்டும் சங்கிலியும் மாட்டியபடி கிடந்திருக்கிறது. வளையத்தை ஒட்டியது தான்தான் என்று அப்பா எழுதிக் கொடுத்ததையும் அங்கே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து நேராக இங்கே வந்தார், அப்பா வயலில் இருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. "ஆர்டிஸ், அது ஹார்லன் கை இல்ல. எங்க வீட்டு இரும்பு கேட்ட ஒட்டிக் குடுத்த உன் மக கை அது, எனக்குத் தெரியாதா. ஒரு ஆணி போனதுக்கு நான் அவன மன்னிச்சிருவேன், நானும் அதே ஆணியோடதான் ஓட்டுறேன். ஆனா என் கையப் புடிச்சுக்கிட்டே பொய்ய வச்சிருந்தான் பாரு. அவளோட சேத்து ஒரு பொய்யையும் நான் புதைக்கணுமா" என்று கேட்டார். அவர் போன பிறகும் வாசலிலேயே நின்றிருந்தேன்.

நவம்பர் பதினான்காம் தேதி விசாரணை. அப்பா சத்தியம் செய்துவிட்டுப் பேச வேண்டும், அங்கேயும் நாந்தான் என்றே சொல்லப் போகிறார். பிடித்தால் விடாத மனுஷர், நான் கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன் ஜனெல், உன்னைக் காட்டிக்கொடுக்க இல்லை. அன்றைக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. முட்டி வலியோடு அடியில் படுத்து மாட்ட முடியவில்லை, இரண்டு டிரக்குக்கும் மாற்றி மாற்றிப் போட வசதியாகத் தண்டிலேயே வளையம் வைத்துக் கொடு என்று அப்பா கேட்டார். "தண்டு போனா எல்லாம் போச்சுப்பா, டிரக்கு அடிச்சட்டத்துலதான் வைக்கணும்" என்றாய். அவர் மறுபடி கேட்டார், நீ முடியாது என்று மெஷினை அணைத்து முகமூடியைக் கழற்றிவிட்டாய். அப்போது நான்தான் வெளியே வந்து, "சோறு ஆறிப்போச்சு, ரெண்டு மைல் ஓட்டுறதுக்கு இம்புட்டுப் பேச்சா, அப்பனுக்கே பாடம் நடத்துறியா, கேட்டதச் செஞ்சு குடுத்துட்டு வா" என்று கத்தினேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். திரும்பவும் முகமூடியை மாட்டினாய். அப்பாவுக்கு நீ இணங்கவில்லை மகளே, எனக்குத்தான் இணங்கினாய்.

விசாரணைக்கு நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் அதற்கு முன்னால் எமெட்டிடம் நீயே பேசு. வளையம் வைத்தது நான்தான் என்று மட்டும் சொல், "ஆனா" என்று ஆரம்பிக்காதே, மன்னிப்பை உடனே எதிர்பார்க்காதே. போனை வைத்துவிட்டால் இரண்டு நாள் விட்டு மறுபடியும் கூப்பிடு. அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. தபாலில் போட்டுவிட்டு நேராக வயலுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன், அவர் வீட்டை விட்டுப் போனால் போகட்டும். சர்டிபிகேட் போனாலும் கையில் தொழில் இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டாய். சரியாகச் சாப்பிடு, தனியாக உட்கார்ந்து அழாதே, கூட வேலை செய்கிறவர்கள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

மறந்துவிடாதே, பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி. நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் எழுந்து நிற்பேன். நீ இரண்டு தடவை முடியாது என்று சொன்னதை அப்பா சொல்லப் போவதில்லை, அதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

உன் அம்மா,
ஆர்டிஸ்