செடியை மாற்றுவதில்லை என்ற முடிவு

மைசூரு,
ஜூன் 2.

சிரஞ்சீவி ரங்கராஜுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும், அவளுடைய முழங்காலைத் தவிர்த்து, க்ஷேமம். அங்கே நீயும் மானஸாவும் முழங்கால் உள்படச் சௌக்கியமாக இருக்க மேல்கோட்டைப் பெருமாள் அனுக்கிரகிக்க வேண்டும்.

சென்ற வியாழக்கிழமை, ராகு காலம் கழிந்து மூன்றே கால் மணிக்கு, நம் கொல்லை மாமரத்தடியில் கூடிய கூட்டத்தில், மரத்தில் இருக்கும் ஆர்க்கிட் செடியைத் தொட்டிக்கு மாற்றுவதில்லை என்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. கூடியவர்கள் நான், அம்மா, அடுத்த வீட்டு லிங்கப்பன். லிங்கப்பனுக்கு வாக்குரிமை கிடையாது, ஆனால் அதிகம் பேசியவர் அவர்தான். மரம் போனால் என்ன, செடியைத் தொட்டியில் வைத்துப் புது ஃபிளாட்டின் பால்கனிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நீ போனில் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நீ ஏற்பாடு செய்த பில்டர் முனிராஜும் வரைபடத்தை விரித்து, நம் வீட்டை இடித்த இடத்தில் நாலு ஃபிளாட், ஒரு லிஃப்ட், மாமரம் இருக்கும் இடத்தில் இரண்டு கார் என்று காட்டினார். லிஃப்ட் அம்மாவின் முழங்காலுக்காக என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் லிங்கப்பனைக் கூப்பிட்டு, செடியைப் பெயர்க்க முடியுமா என்று கேட்டேன். முப்பது வருஷம் நர்சரியில் வேலை பார்த்தவர், ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, பேடா சார், வேண்டாம், வேர் ரெண்டு முழம் ஓடிப் பட்டையைப் புடிச்சிருக்கு, உரிச்சா பாதி மரத்துக்கு, பாதி உங்களுக்கு, செடி யாருக்கும் இல்லே என்றார்.

இந்தச் செடி வந்த விதம் உனக்கு மறந்திருக்கலாம், அப்போது நீ ஏழாம் வகுப்பு. ஆனி மாதம் ஹாசனுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, மழையில் மரக்கிளை முறிந்து ரோட்டில் விழுந்து பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கிக் கிளையை இழுக்க, நீ மட்டும் அதில் ஒட்டியிருந்த செடியை எடுத்துத் தாம்பூலப் பைக்குள் வைத்தாய். இடம் போதாததால் தேங்காயை வெளியே போட்டுவிட்டாய். தேங்காயைப் பற்றி அம்மா இன்றுவரை பேசுகிறாள். வீட்டுக்கு வந்ததும் அவளே அதைத் தொட்டியில் செம்மண்ணும் சாணி எருவும் போட்டு நட்டு, காலையும் மாலையும் அரிசி களைந்த தண்ணீர் விட்டாள். சம்பந்தி வீட்டாருக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. இரண்டு மாதத்தில் அழுக ஆரம்பித்தது. காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்த லிங்கப்பன், ஏனம்மா இது, உயிரோட சமாதி கட்டிட்டீங்களே, இது மண்ணுலே வாழற ஜாதியா, மரத்துலே பருத்தி நூலாலே கட்டுங்க, வேர் புடிக்கறதுக்கும் நூல் மக்கறதுக்கும் சரியா இருக்கும் என்றார். அன்று ஆவணி அவிட்டத்துக்கு மறுநாள். வீட்டில் இருந்த ஒரே பருத்தி நூல், ஸ்ரீரங்கப்பட்டணம் போகும்போது காவிரியில் விடலாம் என்று நான் வைத்திருந்த பழைய பூணூல். அதைக்கொண்டுதான் கட்டினோம், நீ பிடித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆவணி அவிட்டத்திலும் பழையது அந்தச் செடிக்கே போகிறது. செடி வருஷம் தவறாமல் பூணூல் மாற்றிக்கொள்கிறது. உன்னைப் பற்றி நான் கேட்கவில்லை.

மற்றபடி அதற்கு நாங்கள் எதுவும் செய்வதில்லை. மண் இல்லை, எரு இல்லை, பங்குனி சித்திரை வெயிலில் மட்டும் காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்போம். இப்போது மூன்று குலை இறங்கியிருக்கிறது. இன்னும் பத்து நாளில், நரி வால் மாதிரி, வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும். இங்கத்தியர் சீதாளெ தண்டெ என்பார்கள். முதல் வருஷம் பூத்தபோது நீ பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்தாய், நான் லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதினேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான் என்று சொன்னால் அம்மா சிரிக்கிறாள். அன்றைக்குக் கூட்டத்திலும் அவள்தான் விஷயத்தை முடித்தாள். மாடி ஏற முடியலேன்னா கட்டிலைக் கீழே எறக்குங்கோ, என் முழங்காலுக்கு மரம் என்ன பண்ணித்து என்றாள்.

அங்கே ஜூனில்தான் குளிர்காலம் என்றாயே, காதை மூடிக்கொண்டு போ. மானஸாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இருவரும் நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, ஆனால் இங்கே வெளிச்சம் இருக்கும்போது பண்ணு, அம்மா பூவைக் காட்ட வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வேங்கடேசன்

பி.கு.: முனிராஜ் சனிக்கிழமை வந்து வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனார். கட்டில் இப்போது கீழே உன் அறையில் இருக்கிறது.