லெஃப்சாவும் நானும் தெற்கே போகிறோம்

மைனாட், வடக்கு டகோட்டா
16 நவம்பர் 1993

இங்வால்டுக்கு,

சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்த சீட்டைப் பார்த்திருப்பாய். "தெற்கே போகிறேன்" என்று மட்டும் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மேலே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அது நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

நீ ஓய்வு பெற்ற வருடம், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற இந்த வீட்டு வண்டியை வாங்கினோம். குளிர்காலம் முழுக்க டெக்சாஸ் கடற்கரையில் இருப்போம் என்று நீதான் சொன்னாய். அதற்குப் பிறகு நான்கு குளிர்காலம் வந்தாயிற்று. வண்டி முற்றத்தில் நிற்கிறது, உள்ளே எலி குடித்தனம் நடத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடியும் "இந்த வருஷம் வேணாம் வெர்னா, கர்லிங் கூடத்துக்கு யார் ஐஸ் போடுவா?" என்றதும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. நாலு பேர் ஐஸ்மேல் கல்லைச் சறுக்கி விளையாடவென்று இன்று காலையும் நீ கூடத்துக்குத் தண்ணீர் தெளிக்கப் போனாய். நான் நம் புது நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. அதற்கும் பொறுமை போயிருந்தது போலிருக்கிறது.

கனடாவைத் தாண்டியதும் அமெரிக்க எல்லையில் அதிகாரி எட்டிப் பார்த்தார். "வண்டி யார் ஓட்றாங்க?"

"நான்தான்."

"வீட்டுக்காரர்?"

"ஊர்ல ஐஸ் போட்டுட்டு இருக்கார்."

"இந்தக் குளிர்லயா? வெளிய அதுவாவே ஆகுதே!" என்று சிரித்தார். அதற்குள் குட்டி அவர் கையிலிருந்த காகிதத்தை இழுத்து, பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் முத்திரை குத்திக் கொடுத்தார், நல்ல மனிதர்.

குட்டிக்குப் பேர் வைத்துவிட்டேன். என் சால்வையின் மேல் வெள்ளையும் பழுப்புமாகத் தட்டையாகப் படுத்துக் கிடந்தது, கல்லிலிருந்து எடுத்த லெஃப்சா ரொட்டி மாதிரி. ஆகவே லெஃப்சா.

காப்பிக்கடை லோர்னா பிஸ்கட் சுட்டுக் கொண்டுவருவாள். வாங்கி வை, கடிக்காதே. போன வருடம் எனக்குப் போன பல் போதும்.

எழுதுவதானால் நெப்ராஸ்காவில் வேலன்டைன் ஊர்த் தபால் நிலையத்துக்கு எழுது. நேரில் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

வெர்னா


24 நவம்பர்

வெர்னாவுக்கு,

கோபமாகத்தான் இருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டேன்.

ஐஸ் நன்றாகப் படிந்திருக்கிறது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. முன்பக்க இடது சக்கரத்தில் காற்று மெல்ல இறங்கும், தினமும் பார்.

காப்பிக்கடையில் எல்லோரும் லெஃப்சா இப்போது என்ன தின்கிறது என்று கேட்கிறார்கள். லோர்னா இனி இந்த வீட்டுக்குப் பிஸ்கட் கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

குட்டியை முன்னிருக்கையில் விடாதே, பிரேக் போட்டால் விழுந்துவிடும்.

இங்வால்ட்


வேலன்டைன், நெப்ராஸ்கா
1 டிசம்பர் 1993

அன்புள்ள இங்வால்டுக்கு,

மனிதனா நீ? என் கடிதத்தைக் காப்பிக்கடையில் வைத்துப் படிக்கிறாயா? அதிலும் லோர்னாவிடமே? முப்பத்தெட்டு வருடத்தில் உனக்கு இப்படியொரு பழக்கம் இருந்ததில்லையே. அதோடு இது என்ன எழுத்து? தடிப் பேனாவால், ஒரு பக்கத்துக்கு நாலு வரி! ஐந்து தாளைப் பிரித்து மெத்தைமேல் பரப்பி வைத்துப் படித்தேன். லெஃப்சா நான்காம் தாளின்மேல் படுத்துக்கொண்டது. சக்கரத்தைப் பற்றி நீ எழுதியது அதன் வயிற்றுக்கடியில் இருந்தது.

சக்கரத்துக்கு நன்றி. நீ சொன்னது சரிதான், இறங்கியிருந்தது.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து கேள். நேற்று வழி தவறி ஒரு மண்பாதையில் இறங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் பனி மூடிய பள்ளம். அரை மைல் போனதும் ஒரு மரப்பாலம், "மூன்று டன்னுக்கு மேல் போகாதே" என்று பலகை. திருப்ப இடமில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். உன்னைத் திட்டினேன், பிறகு நீ இருந்தால் தேவலை என்று நினைத்தேன், நினைத்ததற்காக மறுபடியும் திட்டினேன்.

அப்போது மாடுகளுக்கு வைக்கோல் போடப் போன ஒரு பெண்மணி டிராக்டரிலிருந்து இறங்கி வந்தாள். வயது என்னைவிட அதிகம் இருக்கும்.

"பின்னாலயே போயிரலாம்மா. நான் கை காட்றேன்."

"இருபத்தாறு அடி வண்டிங்க இது!"

"என் வீட்டுக்காரர் அதைவிடப் பெருசு, அவரையே பின்னால தள்ளிட்டுப் போயிருக்கேன். வா!"

அரை மைல் தூரம், இங்வால்ட்! கண்ணாடியைப் பார்த்து, அவள் கையைப் பார்த்து, மடியில் நடுங்கும் குட்டியோடு, அங்குலம் அங்குலமாகப் பின்னாலேயே வந்தேன். தார்ச்சாலையில் சக்கரம் ஏறியதும் நான் போட்ட கூச்சலில் அவளுடைய மாடுகள் ஓடிவிட்டன. அவளும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். லெஃப்சா நடுவில் நசுங்கிக் கத்தியது.

பதினைந்து வயதில் அப்பாவின் தானிய லாரியை ஓட்டியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு எப்போதும் நீயே ஓட்டினாய், நான் வரைபடம் பிடித்தேன். எனக்கு ஓட்டப் பிடிக்கும் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

அடுத்த கடிதத்தை டெக்சாஸ், ராக்போர்ட்டுக்குப் போடு. அங்கேதான் தங்கப்போகிறேன்.

அன்புடன்,
வெர்னா


8 டிசம்பர்

அன்புள்ள வெர்னா,

பாலத்துக் கதையைக் கேட்டுக் காப்பிக்கடையே கைதட்டியது. நானும் தட்டினேன். பிறகு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன்.

உன் கடிதங்களை நான் படிக்கவில்லை, வெர்னா. லோர்னா படித்துக் காட்டுகிறாள். என்னால் படிக்க முடியவில்லை.

செப்டம்பரில் பம்பு வாங்க சாஸ்கட்டூன் போகிறேன் என்றேனே, கண் மருத்துவரிடம் போனேன். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு மங்கல் பொட்டு. ஓரங்கள்தான் தெரிகின்றன. குருடாக மாட்டேன், ஆனால் இனி வண்டி ஓட்டக்கூடாது என்றார். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூட்டுக்கு நல்லது என்று எல்லா இடத்துக்கும் நடந்தது இதனால்தான். நீ வைத்துவிட்டுப் போன சீட்டைக்கூட லோர்னாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். நீ போய்விட்டாய் என்பதை அவள் வாயால்தான் கேட்டேன்.

முதல் மூன்று வருடம் ஐஸ் காரணம்தான், சத்தியமாக. இந்த வருடம் ஐஸ் காரணமில்லை. உன்னை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போனவன், நீ கூட்டிப்போக வேண்டிய ஆளாகிவிட்டேனே என்று வெட்கம். அதைச் சொல்வதற்குப் பதில் உன் குளிர்காலத்தைக் கெடுத்தேன்.

லோர்னா என்னைக் கேட்டாள்: "ஏன்யா, அவ பின்னாலயே அரை மைல் ஓட்டியிருக்கா. முன்னால ஓட்டத் தெரியாதா?"

நீ திரும்பி வர வேண்டாம். நன்றாக இரு. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

இங்வால்ட்


ராக்போர்ட், டெக்சாஸ்
15 டிசம்பர் 1993

என் இங்வால்டுக்கு,

தபால் நிலையத்து வாசலிலேயே பிரித்துப் படித்தேன். நாலு வரி நாலு வரியாக, பத்துத் தாள். காற்றில் ஒன்று பறக்க, லெஃப்சா துரத்திப் பிடித்து வந்தது. கொஞ்சம் பல் பட்டிருக்கிறது.

இரண்டு மாதம்! என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தனியாகப் பயந்துகொண்டு! உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் லோர்னாவால் வாய்விட்டுப் படிக்க முடியாது. எனக்கும் வெட்கம்தான். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாய், கவனமில்லை என்று திட்டினேன். என்னவென்று கேட்கவில்லை.

இங்கே கடல் சாம்பல் நிறம், காற்று இளஞ்சூடு. லெஃப்சா முதல் நாள் அலையைப் பார்த்துக் குரைத்தது. அலை பின்வாங்கியதும் தான் விரட்டிவிட்டதாக நினைத்து என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த முகத்தை நீ பார்க்கவேண்டும், ஓரக்கண்ணாலாவது.

அங்கிருந்து பக்கத்து நகரம் கார்ப்பஸ் கிறிஸ்டி வரை பஸ் உண்டு. நான் வா என்று சொல்லமாட்டேன், நான்கு வருடம் சொல்லிப் பார்த்தாயிற்று. வருவதாக இருந்தால் நாளைச் சொல், வந்து நிற்கிறேன்.

லோர்னா, உன் பிஸ்கட்டைப் பற்றிச் சொன்னதற்கு மன்னித்துக்கொள், சொன்னது உண்மைதான் என்றாலும். இந்தக் கடைசிப் பத்தியைக் காப்பிக்கடையில் படிக்காதே. அவன் காதருகே போய் மெதுவாகப் படி:

வழியில் நல்லது எதைப் பார்த்தாலும் "இங்வால்ட், அங்க பாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். காலி இருக்கையிடம் சொல்கிறேன்.

உன்,
வெர்னா


21 டிசம்பர்

வெர்னா,

லோர்னா மெதுவாகத்தான் படித்தாள். படித்து முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"ஐஸை நான் பார்த்துக்கறேன், நீ கிளம்பு" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும் ஐஸைப் பத்தி?"

"முப்பது வருஷமா நீ தண்ணி தெளிக்கிறதப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. நீயே கண்ணு தெரியாமத்தான் இத்தனை நாளா போட்டிருக்க. கொண்டா குழாய!"

குழாயைக் கொடுத்துவிட்டேன். என்னைவிட நன்றாகவே போடுகிறாள், அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 29, புதன், பிற்பகல் இரண்டு மணி. சிவப்புத் தொப்பி போட்டிருப்பேன். நீதான் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உன் இங்வால்ட்


31 டிசம்பர், காலை
(அடுப்பு மேல் வைத்த சீட்டு)

வெர்னா,

எழுந்ததும் எங்களைக் காணோமென்று பதறாதே. நீ நன்றாகத் தூங்கினாய், எழுப்ப மனம் வரவில்லை. லெஃப்சாவோடு கரைக்கு நடந்து போகிறேன். அதற்கு வழி தெரிகிறது.

நேற்று நீ ஓட்டினாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. சொல்லப்போனால் சாலையைப் பார்க்க வேண்டிய கவலை இல்லாமல் நம் வண்டியின் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பது எனக்கு இதுதான் முதல்முறை. ஓரக்கண்ணில் ஒரு கொக்குக் கூட்டமே வந்தது.

பக்கத்து வண்டிக்காரரிடம் விசாரித்தேன். மெக்சிகோ எல்லை இன்னும் நூற்றெண்பது மைல்தானாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இங்கேயே நின்றுவிடுவதா? இன்னும் தெற்கே போவோம், வெர்னா.

சரி என்றால் எஞ்சினைப் போட்டு வை. சத்தம் கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் ஓடி வருகிறோம்.

இ.