உன் பெயருக்கு அடுத்ததாகப் படித்த பெயர்

இன்று சாயங்காலம் காற்று திரும்பியதும் மணலி எண்ணெய் ஆலை வாசனை வந்துவிட்டது. அதே அழுகின முட்டை வாசனைதான். காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது புதிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வாசனைக்குப் பின்னாலேயே உன் குரலும் வருகிறது. "அய்ய, எவடி அது, முட்டைய அடுப்புல வச்சிட்டு சீரியல் பாத்துகினு கீறது?" என்று மாடி ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்துக் கத்துவாய். யாராவது ஒருத்தி உண்மையிலேயே ஓடிப்போய் அடுப்பைப் பார்ப்பாள். நீ இருமல் வருகிற வரைக்கும் சிரிப்பாய்.

நீ போய் நாலு வருஷமாகிறது. இதை நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். கல்லறையில் நின்று தனியாகப் பேச எனக்குக் கூச்சம், அதனால் எழுதுகிறேன். உன் புருஷனை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன். சொல்லியாகிவிட்டது. எப்படி இது நடந்தது என்று இப்போது சொல்கிறேன், நீ வழக்கம்போல நடுவில் புகுந்து பேசாதே.

நாம் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நீ பெலிக்ஸைக் கட்டிக்கொண்டாய். எங்கள் வீட்டு மாடிக்கே குடிவந்தாய். அப்பா படுக்கையில் விழுந்ததால் எனக்குக் கல்யாணம் தள்ளிப்போய், அப்புறம் தள்ளிப்போடவே அவசியமில்லாமல் போயிற்று. உங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஆளே இல்லை. மூன்று பேருமாக ஒரு குடும்பம் மாதிரித்தான் இருந்தோம். உன் புருஷனை நான் முதல் நாளிலிருந்து 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டேன். சிநேகிதியின் புருஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து 'அவரைப் பார்த்துக்கொள்' என்று நீ கேட்டதாகத் தெருவில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நீ அப்படியெல்லாம் கேட்கிறவளா? "மாடில துணி காயுது ஜெசி, மழ வந்தா எடுத்துடு" என்றாய். அவ்வளவுதான். மழை வந்தது, எடுத்தேன். மடித்து வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் நீ இல்லை.

அடக்கத்தன்று எல்லோரும் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். என்னிடம் உன் நாத்தனார், "ஜெசிந்தா, வந்தவங்களுக்குக் காப்பி போட்டுக் குட்றியா?" என்றாள். போட்டேன். சர்க்கரை சரியாக இருந்ததாகச் சொன்னார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. செத்தவளுக்குப் புருஷன் இருக்கும்போது துக்கத்தை அவரிடம்தானே கேட்பார்கள்.

அவர் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவருக்கு அது வசதியாகவும் போயிற்று. மேலே ஏறிக் கேபினில் உட்கார்ந்தால் யாரிடமும் பேச வேண்டாம், இறங்கி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அங்கேயும் வேண்டாம். உன் நாத்தனார் எர்ணாவூரிலிருந்து வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள். தோஸ்துகள் வந்து, "இன்னா மாமு, இப்டியே குந்திகினு இருந்தா எப்டி?" என்று கேட்டு அலுத்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை கோயில் ஆபீசுக்குப் போய் உன் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை கொடுப்பார். முதல் ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் உன் பெயரைப் படிப்பார்கள். அந்தப் பெயர் வருகிற வரைக்கும் மண்டி போட்டிருப்பார், வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அவர் விடாத பழக்கம் இன்னொன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காசிமேடு போய் உனக்குப் பிடித்த சங்கரா மீன் வாங்குவார். வாங்கிவிட்டு என்ன செய்வது என்று தெரியாது, ஆக்கத் தெரியாதே. ஒருநாள் அந்த மீன் பை என் கதவுக் கொண்டியில் தொங்கியது. சொல்லாமல் கொள்ளாமல் மாட்டிவிட்டு மாடிக்குப் போயிருந்தார். நான் குழம்பு வைத்து, பாதியை அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து என் படியில் இருந்தது. அடுத்த வாரமும் பை தொங்கியது. வருஷம் ஒன்று இப்படியே போயிற்று. ஒரு வார்த்தை கிடையாது. தெருப்பூனை எங்கள் இருவரையும் விட அதிகமாகப் பேசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தைக் கையிலேயே கொண்டுவந்து நின்றார். "உப்பு கம்மி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "ஒரு வருசமா வாய்ல இன்னா கொழக்கட்டயா வச்சிருந்தீங்க? அத சொல்றதுக்குத்தான் தொறந்தீங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை, மூக்கால் வருகிற ஒரு சத்தம். சிரித்ததும் பயந்துபோய், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி மேலே உன் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து, மிச்சக் குழம்பில் உப்பு போட்டுத் தரச்சொல்லிச் சாப்பிட்டார்.

அதிலிருந்து அந்தப் படியில்தான் சாப்பாடு. முதலில் கிரேனைப் பற்றிப் பேசினார், பிறகு கப்பல்களைப் பற்றி, ரொம்ப நாள் கழித்து உன்னைப் பற்றி. நீ அவரிடம் சொன்ன பொய்களையெல்லாம் நான் போட்டுக்கொடுத்தேன். என்னைப் பற்றி நீ அவரிடம் சொன்னவற்றை அவர் போட்டுக்கொடுத்தார். நான் தூக்கத்தில் குறட்டை விடுவேன் என்று சொல்லியிருக்கிறாயே, நல்லா இருப்பியா நீ?

நடுவில் எப்போது என்று தெரியவில்லை, என் வாயிலிருந்து 'அண்ணா' நின்றுபோயிற்று. நான் நிறுத்தவில்லை. கூப்பிட வாயெடுப்பேன், வராது. "இங்க பாருங்க", "கேட்டுச்சா", "தோ" என்று எதையாவது போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டே, "இப்பல்லாம் நீ என்ன எதுவும் கூப்புட்றதே இல்ல" என்றார். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன். எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. நீ உயிரோடு இருந்தால் இந்தக் கஷ்டத்தை உன்னிடம் சொல்லியிருப்பேன், நீ இருந்தால் இந்தக் கஷ்டமே இருக்காது. இது என்ன நியாயம்?

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். நான் லாரி நம்பர் குறிக்கிற கன்டெய்னர் யார்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் தினம் வந்தார். நீ படுத்திருந்த அதே ஆஸ்பத்திரி. உள்ளே வர அவருக்குக் கால் வரவில்லை என்று கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. வெளியே நின்று நின்று, நாலைந்து பேர் சேர்ந்து போகும்போது அவர்களோடு கலந்து உள்ளே வந்துவிடுவார்.

பிழைத்து வீட்டுக்கு வந்தேன். அந்தச் சந்தோஷத்தில் அவர் கோயில் ஆபீசுக்குப் போய், "எப்பவும் குடுக்கறதோட இதையும் சேத்துக்கங்க, பேரு ஜெசிந்தா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நன்றிப் பூசை என்று சொல்ல வேண்டாமா? பூசைக்குப் பெயர் எழுதுகிற உபதேசியாருக்கு நாலு வருஷமாக இவரைப் பார்த்தால் சாவுதான் ஞாபகம். செத்தவர்கள் பட்டியலிலேயே என்னையும் சேர்த்துவிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. காய்ச்சல் விட்டு நான் கோயிலுக்குப் போன முதல் நாள். உபதேசியார் மைக்கில் படிக்கிறார்: "இறந்துபோன பின்வரும் ஆன்மாக்களின் இளைப்பாற்றிக்காக..." உன் பெயர் வந்தது. அதற்கு அடுத்து, "காலடிப்பேட்டை ஜெசிந்தா."

எனக்குப் பக்கத்திலிருந்த ரோஸ்மேரி அக்கா என் கையைக் கிள்ளிப் பார்த்தாள். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பியது. நானே ஒரு கணம், காய்ச்சலில் நிஜமாகவே போய்விட்டேனோ, ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையோ என்று நினைத்தேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் எழுந்தார். நாலு பேர் முன்னால் பேசாத மனுஷன், பூசை நடுவில், "சாமி, நிறுத்துங்க!" என்று கத்தினார். "அவ சாவல சாமி. தோ, குந்திகினு கீறா பாருங்க. ஒருத்தி பேர அங்க படிச்சது போதும். இவ எனக்கு உயிரோட வேணும்."

அப்புறம் யாரோ ஒருவர் சிரிக்க, சிரிப்பு பீடம் வரைக்கும் போயிற்று. சாமியாரே குனிந்துகொண்டார். உபதேசியார் மைக்கில், "திருத்தம். நன்றியாக" என்றார். உன் புருஷனுக்குத்தான் தான் சொன்னது என்னவென்று மெதுவாக விளங்கியது. உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

நான் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். தெருவில் போனால், "செத்துப் பொழச்சவ போறா பாரு" என்றார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒரு கிழவி, "அண்ணா அண்ணான்னு கூப்ட்டுகினு இருந்தவதானே" என்றாள். அன்றைக்கு மீன் பையைக் கொண்டியிலேயே விட்டுவிட்டேன். பூனை தின்றது.

பையைப் பூனைக்கு விட்ட இரண்டாவது வாரம் கதவைத் தட்டினார். "தப்பா சொல்லிட்டன்னா சொல்லு, ஊரக் கூட்டி வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

"தப்பா சொல்லல. அவ இன்னா நெனப்பா?" என்றேன்.

"தெர்ல ஜெசி. நானும் அதத்தான் தினம் கேட்டுகினு கீறேன்." கதவுக் கொண்டியைத் தொட்டுப் பார்த்தார். "அவளுக்குப் பூசை குடுக்கறத நிறுத்திட்டா உனக்கு நிம்மதியா இருக்குமா?"

"அத நிறுத்துனீங்கன்னா இந்தப் படி பக்கம் வராதீங்க" என்றேன். அதுதான் நான் சரி சொன்ன விதம். அவருக்குப் புரிந்துவிட்டது. கோயிலில் கல்யாண அறிவிப்புக்கு, ஓலைக்குக் கொடுத்தோம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். காலஞ்சென்ற இன்னாரின் கணவர் என்று முதலில் உன் பெயர், அப்புறம் அவர், அதற்கும் அப்புறம்தான் நான். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் ஒவ்வொரு முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் பின்வரிசைகளைத் திரும்பிப் பார்த்தேன். யார் எழுந்துவிடுவார்கள் என்று? நீதான். வேறு யாருக்கு உரிமை? மூன்றாவது ஓலை நேற்று முடிந்தது. எல்லோரும் கலைந்த பிறகும் நான் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை.

இன்று காலையில் அவர் உனக்கு இந்த மாதப் பூசை கொடுக்கக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். உபதேசியார் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "இந்த வாட்டி தெளிவா சொல்லிடுங்க" என்றார். இவர் உன் பெயரைச் சொன்னார். "குடுக்கறவங்க, எப்பவும்போல கணவர் பெலிக்ஸ்தானே?" என்று அவர் எழுதப்போனார்.

"இல்ல. இவங்க பேர எழுதுங்க" என்றார் உன் புருஷன்.

உபதேசியார் என்னைப் பார்த்தார். "எறந்தவங்க உங்களுக்கு இன்னாம்மா உறவு?"

இந்த நாலு வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. உன் புருஷனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் உனக்கு என்ன உறவு என்று நான் எதைச் சொல்வது?

உன் புருஷன்தான் சொன்னார்: "தோஸ்துங்க. என்னோட பொண்டாட்டி ஆவறதுக்கு முன்னாடி, அவ இவளோட தோஸ்து. பறிகொடுத்தவங்கள்ல மொத ஆளு இவதான். நாங்க யாருமே போயி ஒரு வார்த்த கேக்கல."

அந்த மேசைமேல் தலையை வைத்து அழுதேன், உன் அடக்கத்தன்று அழாத அழுகை. காப்பி போடச் சொல்ல யாரும் இல்லை. அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், கிளம்பலாம் என்று சொல்லவில்லை. முடிகிற வரைக்கும் அழுதேன்.

இனி மாதாமாதம் உன் பெயரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்னுடையது. அதை அவரிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.