ஒப்படைக்காத அட்டை

பிப்ரவரி 3

ரத்தப் பரிசோதனை லேபில் இன்று கூட்டம். குழாய்களில் பெயர் ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பிசுபிசுப்பு. மதியம் விசா ஏஜென்ட்டைப் பார்த்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடுகிற மனிதர். "ஆறு வருஷம் அங்க இருந்திருக்கீங்க, கண்ணை மூடிக்கிட்டு கொடுப்பான் மேடம்" என்றார்.

மே மாதத்தோடு பாப்பாவுக்குப் பன்னிரண்டு வருடம் முடிகிறது. அந்த நாட்டில் புதைத்த இடம் அவ்வளவு காலத்துக்குத்தான். அப்புறமும் வேண்டுமென்றால், அங்கேயே குடியிருக்கும் தாயோ தகப்பனோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் கல்லைப் பிடுங்கிவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். பதினோரு நாள் மட்டும் இருந்தவள். அவளுக்கென்று வேறு எங்கே இடம் இருக்கிறது?

பிப்ரவரி 19

விண்ணப்பம் போட்டாயிற்று. வீட்டில் இவரிடமும் சொல்லியாயிற்று. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "என்னால முடியாது. நீ போறதுன்னா போ."

மார்ச் 8

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஏஜென்ட் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"உள்ள இருக்கிறவங்களுக்கு உள்ள வர விசா கிடையாதாம் மேடம்."

"யாரு உள்ள?"

"நீங்கதான். நீங்க அங்கிருந்து கிளம்பவே இல்லையாம்."

சிரித்துவிட்டேன். "அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாரு, என் ஆவியா?"

அவர் சிரிக்கவில்லை. தவறாமல் குடியிருப்பு அட்டையைப் புதுப்பித்து வருகிறேனாம். நாங்கள் இருந்த அதே தெரு, அதே மூன்றாவது மாடி.

மார்ச் 9

எங்கே பிசகினேன் என்று எனக்குத் தெரியும். ஒரேயடியாகக் கிளம்புகிறவர்கள் விமான நிலையத்தில் குடியிருப்பு அட்டையை ஒப்படைக்க வேண்டும். பாப்பாவைப் புதைத்த வருடமே நாங்கள் கிளம்பியபோது இவர் ஒப்படைத்தார். நான் கழிவறைக்குப் போவதுபோல் போய், சுற்றுலாக்காரர்கள் வரிசையில் புகுந்து வந்துவிட்டேன். அட்டையைக் கொடுத்தால் அவளை விட்டுவிட்டு வந்ததாக ஆகிவிடும் — அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. அட்டை இப்போதும் என் பீரோவில் இருக்கிறது. அப்படியானால் அங்கே எதைப் புதுப்பித்தார்கள்?

மார்ச் 21

ஏஜென்ட் அங்கிருந்து என் ஃபைலை வரவழைத்தார். "எவளோ உங்க பேர்ல கூத்தடிக்கிறா மேடம், ஒரு புகார் கொடுத்தா..." என்று ஆரம்பித்தவர், போட்டோவைப் பார்த்ததும் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

நான் எடுத்துப் பார்த்தேன். போன வருடம் எடுத்தது. என் முகம். என் நரை. இடது புருவத்தில் தழும்பு. அந்தத் தழும்பு மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே, இந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து வந்தது.

மார்ச் 22

லேபில் ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாருடையது என்று நின்றுகொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 2

"வழி கிடைச்சிருச்சு மேடம்! பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழைய அட்டையையும் அனுப்பிடுங்க. அந்தப் பதிவை அழிச்சிடுவாங்க. மூணே வாரத்துல விசா."

"அழிச்சா அங்க இருக்கிறவ?"

"அங்கதான் யாரும் இல்லையே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

படிவம் கைப்பையில் இருக்கிறது. ஒரே ஒரு கையெழுத்து.

ஏப்ரல் 11

எதற்கும் இருக்கட்டுமென்று கல்லறை அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன், இரண்டு மாதம் தவணை கேட்டு. பதில் வந்திருக்கிறது. தவணை தேவையில்லையாம். தாய் போன வாரமே வந்து கையெழுத்திட்டுவிட்டாராம். வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறாராம். கல்லைச் சுற்றி அவரே களை எடுத்துவிடுவதால் தோட்டக்காரருக்கு அங்கே வேலையே இல்லையாம்.

வெள்ளிக்கிழமை தவறாமல். பன்னிரண்டு வருஷமா! அப்ப நான் யாரு? விட்டுட்டு வந்தவ. அவ்வளவுதானே?

ஏப்ரல் 14

கடிதத்தை இவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். படித்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவளாவது இருக்காளே" என்றார்.

பாப்பாவைப் பற்றி இத்தனை வருடத்தில் இவர் வாய் திறந்தது இன்றுதான்.

ஏப்ரல் 25

ஏஜென்ட் மூன்று தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. படிவத்தைக் கிழித்துவிட்டேன். அட்டையை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவப் போனபோது பார்த்தேன். பத்து நகக்கண்ணிலும் ஈரமண். எங்கள் வீட்டில் ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது.

இன்று வெள்ளிக்கிழமை.

குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன். பாத்திரம் நாளைக்கு.