வில்சன் கார்டனில் இறங்கிப் பின்னால் நடப்பவர்கள்

1994 பிப்ரவரி 7, திங்கள்

காலையில் பனி. மத்திகிரி மாட்டுப் பண்ணை வேலியே கண்ணுக்குத் தெரியவில்லை. டவுன் பஸ் லேட். முதல் பீரியட் போச்சு.

நோட்டு புதுசு. காலேஜில் பாடம் எடுக்கிற வசந்தா மேடம் எழுதச் சொன்னார். யாருக்கும் காட்ட வேண்டாம், எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம் என்றார். சரி, பார்க்கவில்லை.

என் கதை. ஒரு தடவை எழுதிவிட்டால் தீர்ந்தது.

கலைச்செல்வி. பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் வருடம். அப்பா கம்பெனியில் லேத் ஆபரேட்டர். டிசம்பர் மாதிரித் தேர்வில், ஹாலில், மூச்சு அடைத்துக்கொண்டது. விரலெல்லாம் மரத்துப்போனது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பேப்பரை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அதிலிருந்து சரியான தூக்கம் கிடையாது. அந்த ஹால் வாசல் வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

ஆளாளுக்கு ஒரு காரணம்:
வகுப்பு - காதல் தோல்வி. (யாரோடு? எனக்கும் சொன்னால் தேவலை.)
அம்மா - கண் திருஷ்டி.
கிருஷ்ணகிரி அத்தை - கால்கட்டு போட்டால் சரியாகிவிடும். மாப்பிள்ளை கைவசம்.
அப்பா - ஃப்யூஸ் போன மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

என்ன ஆச்சு என்று என்னையே கேட்டவர் வசந்தா மேடம் ஒருத்தர்தான்.

சோப்பு வாங்க வேண்டும். ஊக்கு.

பிப்ரவரி 9, புதன்

மேடம் புதன்தோறும் பெண்களோடு பேசுகிற ஒரு மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், விளையாட்டுச் சாமான் அறையில். வேறு அறை கொடுக்கவில்லை. முதலில் கதவில் 'மாணவர் மன ஆலோசனை' என்று பலகை மாட்டினாராம். ஒரு ஈ, காக்காகூட வரவில்லை. பலகையைக் கழற்றிய அடுத்த வாரமே கூட்டம். இப்போது யாராவது கேட்டால் எல்லாப் பெண்களும் ஒரே பதில்தான்: "ரிங் எடுக்கப் போறேன்." இந்தக் காலேஜில் இத்தனை பேர் ரிங் விளையாடுவார்கள் என்றால் ஒலிம்பிக்கிற்கே அனுப்பலாம்.

உள்ளே பழைய வலை வாசனை. ஒரு பெஞ்சு. மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார்: "நான் டாக்டர் இல்லம்மா. எனக்குக் கேக்கத்தான் தெரியும். உனக்குக் கேக்கறதோட மருந்தும் வேணும்." பெங்களூரில் இருக்கிற அந்தப் பெரிய மனநல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். நாளைக்கே.

ஓசூர்க்காரர்களுக்கு அந்த ஆஸ்பத்திரி என்றால் ஆஸ்பத்திரி இல்லை, வசவு. பஸ் போகிற ரோட்டிலேயே இருப்பதால் வந்த வினை. எங்கள் தெருவில் சண்டை வந்தால் கடைசி வார்த்தை, "நீ அந்த ஸ்டாப்புல எறங்க வேண்டிய ஆளு." நானே சொல்லியிருக்கிறேன்.

சாயந்தரம் அப்பாவிடம் சொன்னேன். லீவு போடுகிறேன் என்றார். அப்புறம் அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வது என்று அம்மாவோடு ஆலோசனை. பல் டாக்டர் என்று முடிவானது. என் பல்லைக் கேட்காமலே.

பிப்ரவரி 10, வியாழன்

பெங்களூர் பஸ். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் அரை மணி நேரம். கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாம் ஒரே பஸ்ஸில், ஒரே சண்டையில்.

டெய்ரி சர்க்கிள் தாண்டி ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் தன் வழக்கமான ஜோக்கை எடுத்துவிட்டார்: "மறை கழண்டவங்க எறங்கிக்கங்க, மத்தவங்க உக்காருங்க." பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அதுதான் தாங்கவில்லை. நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஸ்டாப் வில்சன் கார்டன். அங்கே இறங்கினோம். எங்களோடு இன்னும் சிலர். அப்பா பெட்டிக் கடையில் வெற்றிலை வாங்குகிற மாதிரி நின்றார். (அப்பா வெற்றிலை போடுவதில்லை.) பிறகு வந்த வழியே திரும்பி நடந்தோம். பார்த்தால், பஸ்ஸில் இறங்கிய அத்தனை பேரும் அதே பக்கம்தான் நடக்கிறார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல். வெயிலில். ஒரு கிழவியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. டிசம்பருக்கு அப்புறம் முதல் சிரிப்பு. அப்புறம் கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை.

ஓ.பி. வரிசையில் எங்களுக்கு முன்னால் அப்பாவின் சூப்பர்வைசர் நஞ்சுண்டப்பா, அவர் சம்சாரத்தோடு. அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அவருக்கும்தான்.

"பாப்பாவுக்குப் பல்லு சார்," என்றார் அப்பா.

"இவளுக்குக் கண்ணுப்பா," என்றார் அவர்.

தலைக்கு மேலே எவ்வளவு பெரிய போர்டு. இரண்டு பேரும் அதன் கீழே நின்று பல்லையும் கண்ணையும் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். அந்த அம்மா மட்டும் என்னைப் பார்த்தார். கையில் இருந்த ஆரஞ்சுப் பழத்தில் பாதியைக் கொடுத்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கன்னடத்தில் ஆரம்பித்து என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். எனக்கு இருப்பதற்குப் பெயர் இருக்கிறதாம். நிறையப் பேருக்கு வருமாம். சாக மாட்டேனாம். "அது வரும், கொஞ்ச நேரம் ஆட்டம் போடும், போயிடும். நீ ஓடினா அதுவும் கூடவே ஓடி வரும். உக்காந்து மூச்சை வெளிய விடு, இழுக்கறத அது பாத்துக்கும்." மாத்திரை. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டது: "சாவ மாட்டன்னுதான சொன்னாங்க?" நான் தலையாட்டினேன். அங்கேயே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளாக அவர் பயந்தது அதற்குத்தான் போல. ஐயோ அப்பா.

பிப்ரவரி 14, திங்கள்

மாத்திரையால் வாய் வறள்கிறது. தூக்கம் பரவாயில்லை.

பக்கத்து வீட்டு ஜமீலாக்கா தினமும் கஞ்சி கொடுத்து விடுகிறார். பல் வலிக்காரிக்கு. கூடவே கிராம்பு. அம்மாவும் வேறு வழியில்லாமல் அவர் எதிரில் எனக்கு இட்லியைப் பிசைந்து கொடுக்கிறார். ஒரு பொய்க்காக நாலு நாளாகப் பல்லில்லாத குழந்தைச் சாப்பாடு.

பிப்ரவரி 16, புதன்

விளையாட்டு அறைக்குப் பூட்டு. பிரின்சிபால் உத்தரவு. காலேஜுக்குப் பைத்தியக்காரப் பேர் வருகிறதாம். மேடம் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, அதனால் சண்டை போட மாட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானம் போனால், மேடம் ரிங் கோர்ட்டின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் பார்த்தேன். முதலில் யாரும் கிட்டே போகவில்லை. மூன்று பக்கமும் வகுப்பு ஜன்னல். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிற மாதம்மாதான் முதலில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் நான். அப்புறம் வரிசையாக. கையில் ரிங் வைத்திருந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஜன்னலிலிருந்து ஒருவன் ஊளையிட்டான். மாதம்மா திரும்பி, "எறங்கி வாடா, உனக்கும் எடமிருக்கு," என்றாள். வரவில்லை. ஊளையும் நின்றது.

பிப்ரவரி 18, வெள்ளி

பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். நானும் அப்பாவும். உட்காரச் சொல்லவில்லை.

திட்டவில்லை. அதுதான் மோசம். ரொம்பக் கருணையாகப் பேசினார். "மஞ்சக் காமாலைன்னு எழுதிக் குடும்மா. இந்த வருசம் வீட்டுல இரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது."

பல், கண், இப்போது காமாலை. நல்ல வியாதியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் போல.

வீட்டில் இரு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அத்தை. மாப்பிள்ளை. தை போனால் வைகாசி. டிகிரி அவ்வளவுதான்.

"எனக்குக் காமாலை இல்லீங்க சார். ஏப்ரல்ல பரிச்சை எழுதறேன்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. வந்தால் என்ன.

அப்படியானால், பரிச்சை எழுதலாம் என்று டாக்டர் சீட்டுக் கொடுக்கட்டும் என்றார். ஹாலில் ஏதாவது ஆனால் அவர் பொறுப்பில்லையாம்.

வெளியே வந்ததும் அப்பா: "அந்த ஆஸ்பத்திரி பேரு போட்ட சீட்டு ஆபீஸ்ல கெடந்தா ஊரு பூரா கெடந்த மாதிரி பாப்பா. காமாலையே இருக்கட்டும்."

பஸ் ஸ்டாண்ட் வரை அவருக்கு முன்னால் நடந்தேன். என் அப்பாவை எனக்கு இன்றைக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

துவைத்தது: பாவாடை தாவணி 2, அப்பா காக்கி 2. தண்ணீர் வரவில்லை, பண்ணைக் குழாயில் சண்டை.

சாயந்தரம் ஜமீலாக்கா கஞ்சியோடு வந்தார். நான் வாசலில் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தேன். மறைக்கவில்லை. அவர் பார்க்கப் பார்க்க இன்னொரு கை அள்ளிக் கடகடவென்று கடித்தேன்.

"பல்லு?"

"பல்லு நல்லாத்தான் இருக்குதுக்கா. மனசுதான் சரியில்ல. பெங்களூர்ல அந்த ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்கறேன்."

உள்ளே அம்மா பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம்.

ஜமீலாக்கா கஞ்சியைப் பார்த்தார். "அந்த மாத்திரைக்குச் சோறு நல்லாத் தின்னோணுமே. கஞ்சி எப்பிடிப் பத்தும்?" என்று சொல்லிக் கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாத்திரை பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் குஸ்கா வந்தது, மேலே முட்டையோடு.

அம்மா என்னோடு பேசவில்லை. குஸ்காவை மட்டும் சாப்பிட்டார்.

பிப்ரவரி 24, வியாழன்

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி. மறுபடி வில்சன் கார்டன், மறுபடி பின்னால் நடை. சீட்டுக் கேட்கலாம் என்றேன். அப்பா வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். கேட்காமலே வந்துவிட்டேன். கோழை. நான்தான்.

மார்ச் 4, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது.

இன்று வந்தது. கால்குலஸ் வகுப்பில், போர்டு பாதி நிறைந்தபோது. அதே மூச்சு, அதே விரல். வாசல் பக்கத்திலேயே இருந்தது, ஓடியிருக்கலாம்.

ஓடவில்லை. பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை வெளியே விட்டேன். விட்டேன். விட்டேன். வேர்வை முதுகெல்லாம். ஆடு, எவ்வளவு ஆடுவாய் ஆடு என்று மனசுக்குள் வாயில் வந்தபடி திட்டினேன். (இங்கே எழுத முடியாது.) போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. பார்த்தால் சார் இன்னும் அதே கணக்கில்தான் இருக்கிறார்.

கணக்கையும் எழுதி முடித்தேன். விடை சரி.

மார்ச் 7, திங்கள்

அப்பாவிடம் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். லேத்தில் வேலை செய்கிறவர், ஒவ்வொரு அசைவாகக் கேட்டார். கை எங்கே இருந்தது, கால் எங்கே, யாராவது பார்த்தார்களா. கடைசியில், "ஓடலையா நீ?" என்றார். மறுபடியும் அதையே கேட்டார்.

பிறகு நான் சொன்னேன், இந்தத் தடவை சீட்டு வாங்கத்தான் போகிறேன், பொய் சொல்ல வேண்டுமென்றால் நீங்கள் வர வேண்டாம், தனியாகப் போகிறேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். வியாழனுக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

மார்ச் 10, வியாழன்

சீட்டு வாங்கியாச்சு. நாளைக்குக் காலேஜ் ஆபீசில் கொடுக்க வேண்டும். மேலே ஆஸ்பத்திரி பேர் பெரிய எழுத்தில். இருக்கட்டும்.

காலையில் நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். எங்களுக்கு இரண்டு சீட் பின்னால் நஞ்சுண்டப்பாவும் சம்சாரமும். அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். டெய்ரி சர்க்கிள் தாண்டியது. அதே கண்டக்டர், அதே ஜோக். "மறை கழண்டவங்க எறங்கிக்கங்க, மத்தவங்க உக்காருங்க." சிரிப்பு.

எழுந்து நின்றேன். மூச்சு ஏறியது. வெளியே விட்டேன்.

"நான் எறங்கணும்ங்க. எனக்குத்தான் கழண்டிருக்குது, மாட்டிட்டு வரப் போறேன். வண்டிய நல்லா நிறுத்துங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார், டிக்கெட் பையைப் பார்த்தார், விசில் கொடுத்தார். அப்பா இன்னும் உட்கார்ந்திருந்தார். சரி, தனியாகத்தான் என்று நினைத்தேன். அதற்குள் என் மடியிலிருந்து விழுந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "தள்ளுங்க, எம் பொண்ணு எறங்கணும்," என்று முன்னால் வழி விலக்கிக்கொண்டே போனார்.

படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். நஞ்சுண்டப்பா குனிந்த தலையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவரைத் தாண்டி வந்தார். அந்த அம்மாவுக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர்.

கண்டக்டர் எல்லோரும் இறங்கும்வரை விசில் ஊதவில்லை.

ரோட்டைத் தாண்டினால் கேட். ஒரு அடிகூடப் பின்னால் நடக்க வேண்டியிருக்கவில்லை.