கூரையைப் பற்றி உன்னிடம் கேட்டது

ஹோக்ஃபெல்ட், கான்சாஸ்
ஏப்ரல் 6, 2014

அன்புள்ள லியோட்டாவுக்கு,

இடுப்பு வலி தேவலையா? ஊன்றுகோலோடு தபால் பெட்டிவரை நடந்துவிட்டாய் என்று உன் தங்கை வெர்னெல்டா சொன்னாள். "போன்ல நீங்க என்னைப் பேசவே விடமாட்டீங்க, எழுதுங்க" என்றாய். நாற்பது வருடத்தில் நீ சொன்ன முதல் புகார் இது என்று மேஸ்திரி ரோலண்டிடம் சொன்னேன். "உங்க காதுல விழுந்த முதல் புகார்னு சொல்லுங்க" என்றான். அவனுக்கு வாய் நீளம்.

வீட்டு வேலை தொடங்கிவிட்டது. இந்த முறை செங்கல்லும் இல்லை, பலகையும் இல்லை. நடுவில் பொந்து உள்ள தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி, கம்பி செருகி, உள்ளே கான்கிரீட் ஊற்றுகிற சுவர். எந்தச் சுழல்காற்றும் அசைக்க முடியாது.

நீ இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நிலவறைக்கு மேலே வரும் தரை மர உத்திரமா, கான்கிரீட்டா? கூரை மரமா, கான்கிரீட்டா? உத்திரம் தாங்கும் இரும்பைச் சுவரிலேயே புதைக்க வேண்டும் என்பதால் கான்கிரீட் ஊற்றும் முன்பே தெரிய வேண்டும். நீ சொல்வதுதான். உன் வீடு.

உன்
மெர்வின்


விச்சிட்டா
ஏப்ரல் 14, 2014

அன்புள்ள மெர்வினுக்கு,

கேட்டு எழுதினீர்களே, அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். கடிதத்தை வெர்னெல்டாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

தரை எப்படியும் இருக்கட்டும். கூரை மட்டும் கான்கிரீட்டாகப் போடுங்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன், நாம் இதைப் பேசியதே இல்லை.

போன மே மாதம் சுழல்காற்று வருகிறது என்று ஊரில் சங்கு ஊதியபோது நான் நிலவறைக்கு இறங்கிவிட்டேன். நீங்களோ நம் ஊர் ஆம்பிளைகள் எல்லோரையும் போல வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தீர்கள். "ஏங்க, உள்ள வாங்க!" என்று மூன்று முறை கத்தினேன். "இரு, இரு, அது ஓடைக்கு அந்தப் பக்கமாத்தான் போவுது" என்றீர்கள். நாலாவது முறை கத்தாமல் படியேறி வந்தேன். கூரை என்மேல் விழுந்தது. நீங்கள் வராந்தாப் படிக்கு அடியில் உருண்டு, கீறல்கூட இல்லாமல் எழுந்தீர்கள். அதற்கு இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

இனி படியிறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலவறை எனக்கு இல்லை. மேலேயே பயமில்லாமல் இருக்க ஒரு கூரை வேண்டும். அது இருந்தால் குளிருக்கு முன்னால் வந்துவிடுகிறேன். வெர்னெல்டா சூப்பில் உப்பே போடுவதில்லை.

அன்புடன்
லியோட்டா


ஹோக்ஃபெல்ட்
மே 20, 2014

அன்புள்ள லியோட்டாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். வேலை முதுகை முறிக்கிறது.

தரையைக் கான்கிரீட்டாகவே போட்டுவிட்டேன். அடியில் முட்டுக் கொடுத்து, தெர்மாகோல் பலகை விரித்து, கம்பி கட்டி, ஒரே மூச்சில் ஊற்றினோம். உள்ளே குழாய் பதித்திருக்கிறது. குளிர்காலத்தில் அதில் சுடுதண்ணீர் ஓடும், நீ வெறுங்காலோடு நடக்கலாம். கோதுமை லாரியையே கொண்டுவந்து நிறுத்தினாலும் தாங்கும்.

கூரைதான் மரம். கான்கிரீட் கூரையின் கனத்தை அஸ்திவாரம் தாங்காது என்கிறார் பொறியாளர். நான் என்ன செய்ய? கூரையைத் தாங்கும் ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டையால் சுவரோடு இறுக்கிவிடுகிறேன். கோபப்படாதே.

உன்
மெர்வின்


விச்சிட்டா
ஜூன் 3, 2014

மெர்வினுக்கு,

ரோலண்டின் மனைவி ஐவா ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தாள். "அஸ்திவாரம் மார்ச்லயே போட்டாச்சே அக்கா. மரக்கூரைக்கு அளந்துதான் போடணும்னு அண்ணன் ஒத்தக்கால்ல நின்னாராம்" என்றாள். பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டாள்.

மார்ச்சில் அஸ்திவாரம் போட்டுவிட்டு ஏப்ரலில் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் பைத்தியக்காரி மாதிரி ஒரு வாரம் தாளில் படம் போட்டுப் போட்டு யோசித்தேன்.

கான்கிரீட் தரை யாருக்குப் பாதுகாப்பு? அதற்கு அடியில் இருப்பவருக்கு. இறங்க முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் வரவில்லை. கூரைக்காக மட்டும் இல்லை. கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டேன். நிலவறையில் தப்பிய என் தையல் மெஷினை ரோலண்டிடம் கொடுத்தனுப்புங்கள்.

லியோட்டா


ஹோக்ஃபெல்ட்
செப்டம்பர் 22, 2014

அன்புள்ள லியோட்டாவுக்கு,

வரவில்லை என்று நீ எழுதிய பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்தின இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. அவற்றில் நான் உண்மையைச் சொல்லவில்லை, அதனால் நியாயம்தான். தையல் மெஷின் வந்து சேர்ந்ததாக ரோலண்ட் சொன்னான்.

நான் ஊரார் வீட்டுக் கூரைக்குக் கைமரம் அடித்தே பிழைத்தவன். அன்று உன்மேல் விழுந்த கூரையும் நான் அடித்ததுதான். கான்கிரீட் கூரை போட்டால் அதை நானே ஊரறிய ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். அதனால்தான் முதலிலேயே வழியை அடைத்துவிட்டு, பிறகு உன்னைக் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

படுக்கையறையை ஒட்டி ஒரு சின்ன அறை கட்டியிருக்கிறேன். நாலு பக்கமும் கான்கிரீட், மேலேயும் கான்கிரீட். கான்கிரீட் தரை தடிமனாக இருப்பதால் இந்தச் சின்ன அறையின் கனத்தைத் தாங்குகிறது. ஊன்றுகோல் தடுக்கக்கூடாது என்று வாசலில் படி வைக்கவில்லை. உள்ளே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். உன்னை வா என்று கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. கூப்பிடுகிற உரிமையை நான் அந்த வராந்தாவிலேயே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் சங்கு வேலை செய்கிறதா என்று சும்மா ஊதிப் பார்ப்பார்களே, அதற்குக்கூட இப்போது எழுந்து அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். "வானத்துல ஒரு மேகம் இல்ல, எதுக்கு இப்படி ஓடுறீங்க?" என்று ரோலண்ட் சிரிக்கிறான். இன்றும் ஊதினார்கள், போனேன். எதிர் நாற்காலியைப் பார்த்தபடி, சங்கு நிற்கும்வரை இருந்தேன்.

நீ மூன்று முறை கூப்பிட்டாய், லியோட்டா. உள்ளே வந்துவிட்டேன்.

மெர்வின்