துல்ஸைனாவுக்கு ரெண்டு நாக்கு

2025 மே 6, பூண்டுலோயா
காலையில் நான் ஓட்டும் தேயிலைக் கொழுந்து லொறி ஸ்டார்ட் ஆகவில்லை. என் வாய் வழக்கம்போல ஆனது. சாயந்தரம் வந்தால் மகள் ஜொய்சியிடமிருந்து பார்சல். ஸ்பெயினில் அவள் பார்த்துக்கொள்ளும் கிழவர் கொடுத்ததாம். பெயர் துல்ஸைனா. முழ நீள மரக்குழல், நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி. நுனியில் சீவாளி, இரண்டு நாக்கைச் சேர்த்துக் கட்டியது.
போனில் சொல்கிறாள்: "அம்மா போனதுலருந்து ஊர்க்கதை பேசியே பொழுதப் போக்குறீங்க. வாய்க்கு வேற வேல குடுங்கப்பா."
ஒரு நாக்கையே அடக்க முடியாதவனுக்கு இன்னும் இரண்டா?

மே 9
ஊதினேன். தொண்டை கட்டின சேவல். சீவாளி நூலும் அவிழ்ந்துவிட்டது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன், பிள்ளை பார்க்கும் ஜீவராணியிடம் நூல் கேட்க. (எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரிடமும் நூல் இல்லையா? இருக்கிறது.) வாசலிலேயே நின்று, இறுக்கிக் கட்டி, பல்லால் அறுத்துத் தந்தாங்க. "இனி அவிழாதுண்ணே." புருஷனைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவங்களுக்கு எல்லாரும் அண்ணன்தான்.

மே 11, ஞாயிறு
பூசை முடிந்து வந்து ஊதினேன். இன்று நீளமாகவே வந்தது. உடனே வாசலில் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி, பின்னால் பாதி லயம்.
"என்னண்ணே, சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குள்ள நாயனமா? பொண்ணு யாரு?"
எங்கள் பக்கம் வீட்டில் நாயனம் கேட்டால் கல்யாணம், வேறு பேச்சில்லை. விளக்கிப் பார்த்தேன்.
"அன்னிக்கு ஜீவராணி நூல் கட்டுனாங்களே, பாத்தேனே!"
சிரித்துத் தொலைத்தேன். அதுதான் தப்பு.

மே 13
எனக்கும் ஜீவராணிக்கும் நிச்சயம் முடிஞ்சு, கண்டியில் புடவையும் எடுத்தாச்சாம். நான் கட்டுகிற கதையைவிட நன்றாயிருக்கிறது, அது வேற வயிற்றெரிச்சல்.
ஜீவராணி வழி மறித்தாங்க. "புள்ள விட வர்ற பொம்பளைங்க எல்லாம் என்னயப் பாத்துச் சிரிக்கிறாங்கண்ணே. நான் எப்படித் தலை நிமிந்து வேலை செய்ய?"
என்னடா செஞ்சு வச்சிருக்க, பத்திநாதா?
ஒரு பொய் கைவசம் உண்டு — நாகலெட்சுமி மகள் சுலக்ஷனா கல்யாணத்துக்குத்தான் பழகுறேன்னு அவிழ்த்துவிட்டால் கதை அந்தப் பக்கம் திரும்பிடும். அப்புறம் அந்தப் புள்ளயும் இப்படித்தானே வந்து நிக்கும்?

மே 14
காலையில் ஆள் கூடும் பெரட்டுக்குக் குழலோடு போனேன். வேலை பிரிக்கிற நேரம், எல்லாருக்கும் முன்னால் ஊதினேன். சகிக்கல.
"இதக் கேட்டு யாராச்சும் கல்யாணம்னு சொல்லுவாங்களா? அவங்க நூல் கட்டித் தந்தாங்க, அவ்வளவுதான். ஆசைப்பட்டது நான் ஒருத்தன்தான், அது அவங்களுக்கே தெரியாது."
கடைசி வரி எப்படி வெளியே வந்தது? வேலை பிரிக்கிற கண்டாக்கையாகூட வாயைப் பொத்திக்கொண்டார்.

மே 15
ஊதவில்லை. பேசவும் இல்லை. காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

மே 19
ஜீவராணி லொறியை நிறுத்தினாங்க. "ஏன் சத்தத்தையே காணோம்?"
"உங்களுக்குச் சங்கடம்னு..."
"மத்தியானம் வேணாம், புள்ளைங்க தூங்கும். சாயந்தரம் ஊதுங்க."
பேச்சில் அந்த 'அண்ணே'யைக் காணோம். நான் தேடவும் இல்லை.

மே 24
சீவாளி நூல் அவிழ்ந்துவிட்டது. தானாக இல்லை.
ஜீவராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. என்னையும் பார்த்தாங்க. அப்புறம் கட்டித் தந்தாங்க.
வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் — இந்தத் தடவை அவ்வளவு இறுக்கிக் கட்டல.